வகுப்பறையில் ஆசிரியர் இருக்கட்டும்

வட சென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு போன்ற பகுதிகளில் உள்ள மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் பலரின் வீட்டில், அவர்களுக்கு முன் யாரும் படித்ததில்லை. அம்மா விடியுமுன் வீட்டுவேலைக்கோ மீன் விற்கவோ கிளம்பிவிடுவார். டியூஷன் வைக்கப் பணமில்லை. அந்தப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க இருப்பவர் வகுப்பு டீச்சர் ஒருவர்தான். அவரை வேலை நேரத்தில் வகுப்பறைக்கு வெளியே இழுக்கும் வழக்கம் உடனே நிற்க வேண்டும்.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லித்தரச் சொல்கிறது. ஜூனில் எழுத்தே தெரியாமல் மிரண்டு உட்கார்ந்த பிள்ளை, பொங்கலுக்குள் கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஓடிவந்து டீச்சரிடம் சொல்கிறது. சம்பளத்துக்கு அப்பால் இந்த வேலையில் கிடைக்கும் பேறு அதுதான். வட சென்னையில் ஆண்டுக்கணக்காக மாறுதல் கேட்காமலே பணியாற்றும் ஆசிரியர்களை அங்கே பிடித்து வைத்திருப்பதும் அதுவே. ஒரே பிள்ளையோடு நாள் தவறாமல் இருந்தால்தான் அது கைகூடும். இடையில் பத்து நாள் விட்டுப்போனால் அரும்பு அரும்பாகவே நின்றுவிடும்.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. பக்கத்துத் தெரு ஆங்கில வழி நர்சரிப் பள்ளிக்குப் பிள்ளைகள் போகப் போக எண்ணிக்கை குறைகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப ஆசிரியர்களை இடம் மாற்றும் பணி நிரவலில் மூன்றாவது ஆசிரியர் 'உபரி' ஆகிறார். மிஞ்சிய இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணிக்கோ போய்விட்டால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பிள்ளைகளின் விவரங்களை 'எமிஸ்' இணையதளத்தில் ஏற்றும் வேலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று பாடம் நடக்காது. கேட்டருகே நிற்கும் பெற்றோர் இதைப் பார்த்துத்தான் டி.சி. கேட்கிறார்கள். பிறகு இன்னோர் ஆசிரியரும் உபரி.

வேறு யார் இந்த வேலைகளைச் செய்வது என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இடம் தருவது உண்மைதான். ஆனால், வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கும் தேர்தல் பணிக்கும் ஆசிரியர்களை விடுமுறை நாளிலும் பாடம் நடக்காத நாளிலும்தான் அனுப்ப வேண்டும் என்று 2007 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை மதித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஆசிரியர் வகுப்பிலேயே இருந்தும் பிள்ளை காணாமல்போவது இன்னொரு கொடுமை. கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர் குடும்பங்களை 2019 டிசம்பர் இறுதியில், கல்வியாண்டின் நடுவே, 20 கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அரையாண்டு உழைப்பில் ஒரு டீச்சர் தேற்றிய பிள்ளை, புது இடத்தில் முன்பின் தெரியாத வகுப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், பள்ளியில் இடம் கிடைத்தால். ஜூன் முதல் ஏப்ரல் வரை எந்தக் குடியிருப்பையும் காலி செய்யக் கூடாது.

பிள்ளையின் பசியைப் பள்ளியின் பொறுப்பாக ஏற்றதில் இந்த நகரம் நாட்டுக்கே முன்னோடி. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 2022 செப்டம்பரில் மாநில அரசின் காலை உணவுத் திட்டமும் வந்தது. சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு முன்னால் ஆசிரியர் இருக்க வேண்டாமா? அவருக்கு ஊதியத்திலும் நியாயம் வேண்டும். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு 8,370 ரூபாய், மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்று அடிப்படை ஊதியம் வகுத்தது, ஒரே வேலையைச் செய்பவர்களுக்கு இழைத்த அநீதி.

சென்னைக்கு மாவட்டத் தேர்தல் அலுவலர் மாநகராட்சி ஆணையரே; மாநகராட்சிப் பள்ளிகளும் அவர் பொறுப்பில்தான். ஈராசிரியர் பள்ளியிலிருந்து வேலை நாளில் எவரையும் வெளிப்பணிக்கு எடுப்பதில்லை என்று அவர் உத்தரவிட, புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஜூனில் பள்ளி திறக்கும் முன் அந்த உத்தரவு வர வேண்டும்.