கைப்பேசிக் கடையில் தமிழுக்கு இடமில்லையா?

இந்நாட்டுக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டுக என்னும் கோரிக்கையை முன்வைத்து, 1956 சூலை 27 இல் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கி, அக்தோபர் 13 இல் உயிர்துறந்தார் சங்கரலிங்கனார். அவர் கேட்ட பெயர் 1969 சனவரி 14 இல் நடைமுறைக்கு வந்தது. பெயரென்பது ஓரினத்தின் உரிமை என்பதை உயிர் கொடுத்து உணர்த்திய மண் இது.

அம்மண்ணின் வணிகரும் அண்டையிலுள்ள சிவகாசி வணிகரும் இன்று தம் சரக்கின் பெயரைத் தமிழில் எழுதக் கூசுகின்றனர்! தெருவிலே அன்று, கைப்பேசியிலே!

தெருவிலுள்ள பெயர்ப்பலகைக்கு விதியுண்டு. தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3 பங்கு, பிறமொழிக்கு 2 பங்கு என்று அரசு அளந்து வைத்திருக்கிறது. அதற்கு அஞ்சியேனும் சிலர் தமிழ் எழுதினர். ஆனால் கடை இப்பொழுது எங்கே இருக்கிறது? புலனம் என்று நாம் வழங்கும் வாட்சப்பிலே விலைப்பட்டியல், முகநூலிலே விளம்பரம், படவரியாகிய இன்சுடாகிராமிலே வண்ணக்காட்சி. பலகை கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. விதியோ இன்னும் பழைய தெருவிலேயே காவல் நிற்கிறது!

சென்ற ஆண்டு எனக்கொரு வெடிக்கடை விலைப்பட்டியல் வந்தது. அதில் ஓரெழுத்தும் தமிழில்லை. பூச்சட்டி ‘பிளவர் பாட்’ ஆகியிருந்தது. வாணம் ‘இராக்கெட்டு’ ஆகியிருந்தது. கம்பி மத்தாப்பு ‘இசுபார்க்குலர்’ ஆகியிருந்தது. திருத்தங்கலில் தாட்குழல் உருட்டிக் கூலி பெறும் தாய் ஒருவர், என்னிடம் பயின்ற மாணவியின் அன்னை, அப்பட்டியலைப் பார்த்துவிட்டு, “ஐயா, இதுல நாங்க செய்யிறது எது?” என்று கேட்டார். தன் கையால் ஆக்கிய பொருளின் பெயரைத் தன்னூர்ப் பட்டியலிலேயே படிக்கவியலாத நிலை அவருக்கு! இவ்விழிவுக்கு யார் பொறுப்பு?

தீபாவளி தமிழர்க்குரியதா என்னும் வழக்கு வேறு. அதனை ஈண்டு யான் எடுத்திலேன். அவ்வெடித்தொழிலில் வயிறு கழுவும் உழைப்பாளர் தமிழர் என்பதே ஈண்டுப் பேச்சு.

“வடநாட்டாரும் வாங்குகின்றனரே” என்பர் வணிகர். வடநாட்டார்க்கு வேறு பட்டியல் விடுக்க; யார் தடுத்தார்? சாத்தூரில் இருப்பவர்க்கும் அதே ஆங்கிலப் பட்டியல் எற்றுக்கு? மலையாளிக்கு மலையாளத்திலும் கன்னடர்க்குக் கன்னடத்திலும் நாட்காட்டி அச்சிட்டுக் கொடுக்கும் சிவகாசி, தமிழனுக்கு மட்டும் ஆங்கிலத்தை நீட்டுவதா?

“கருவி தமிழறியாது” என்பர் வேறு சிலர். முழுப்பொய்! ஒருங்குறியில் தமிழ் 1991 இலேயே இடம்பெற்றது. கூகுளின் விளம்பரத் திட்டம் 2018 முதல் தமிழை ஏற்கிறது. வணிகர்க்கென அமைந்த புலனச் செயலியில் வரவேற்புச் செய்தியையும், பொருட்பட்டியலையும், விரைவு விடைகளையும் எழுதுபவர் வணிகரே. அவர் எம்மொழியில் எழுதினும் அது காட்டும். கருவிக்குத் தமிழ் தெரியும். உடையவனுக்குத்தான் தமிழ் மறந்துபோயிற்று!

இதனால் விளையும் கேடு மொழியோடு நின்றுவிடவில்லை. வலைவழி வணிக நிறுவனங்கள் வெடி விற்றலை உச்ச முறைமன்றம் 2018 அக்தோபர் 23 இல் தடுத்தது. ஆயினும் கைப்பேசியிற் பட்டியல்கள் உலவுவது ஓயவில்லை. அந்நிழலில் போலியர் புகுந்து, முன்பணம் பெற்று மறைகின்றனர். 2024 இல் தமிழ்நாட்டுக் காவல்துறையின் இணையக்குற்றப் பிரிவே இதுபற்றி மக்களை எச்சரித்தது. கடையின் முகவரியையும், உரிம எண்ணையும், விற்பனை நெறிகளையும் தமிழில் எழுதுவதே எங்கும் வழக்கமாயின், எளியோரும் நின்று படித்து ஐயுறுவர். அவை இல்லாத பட்டியலை ஒதுக்குவர். புரியாத எழுத்தின் முன் படத்தை நம்புவதன்றி அவர்க்கு வேறு வழியேது? தமிழை நீக்கிய வணிகன், தானறியாமலே கள்வனுக்குக் கதவு திறந்து வைக்கிறான்.

ஆகவே, அரசே! பெயர்ப்பலகை விதியைக் கைப்பேசிப் பக்கத்துக்கும் நீட்டுக. இந்நாட்டு மக்களுக்கு விடுக்கும் பட்டியலிலும் விளம்பரத்திலும் தமிழே முதலில் நிற்க வேண்டும் எனக் கட்டளையிடுக.

வணிகரே! விளம்பரம் செய்துதரும் இளைஞர் ஆங்கிலப் படிவத்தோடு வந்தால், “தமிழில் எழுதிக் கொணர்க” என்று திருப்பி விடுக. காசு கொடுப்பவர் நீவிர். மொழியைத் தெரிவு செய்பவரும் நீவிரே ஆகுக.

தமிழன்பரே! ஆங்கிலப் பட்டியல் வந்தால் வாளாவிருத்தல் வேண்டா. “தமிழ்ப் பட்டியல் விடுக்க, பின்னர்ப் பேசுவோம்” என்று அக்கைப்பேசியிலேயே விடையெழுதுக. ஒருவர் எழுதினால் நகைப்பர். நூற்றுவர் எழுதினால் மாற்றுவர்.

நாட்டுக்குப் பெயர் கேட்டவர் உயிரையே ஈந்தார். பூச்சட்டிக்குப் பெயர் கேட்க நமக்கு ஒருவரி எழுதவும் கையில்லையா?