‘வெறும் 22 தானே’ என்போருக்கு

துவக்குக் கடைகளில் அதிகம் விலைபோகும் பொய் மூன்று சொற்களால் ஆனது: ‘வெறும் 22 தானே’. பொழுதுபோக்காக இலக்குச் சுட விரும்பிக் கைத்துப்பாக்கி வாங்க வருபவரிடம் கடைக்காரர் இதைச் சொல்கிறார். வாங்கியவர் வீட்டுக்குப் போய் மனைவியிடமும் இதையே சொல்கிறார். அனுமதிப் பத்திரம் வழங்கும் அதிகாரியும் சில வேளைகளில் தமக்குத் தாமே இதைச் சொல்லிக்கொள்கிறார். அதன் விலையைக் கொடுப்பவர்களோ இந்த மூவருள் ஒருவரும் அல்லர்.

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் வாசகர் ஒருவர், சனிக்கிழமைகளில் இலக்குச் சுடுவதற்கு எந்த 22 அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கியை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால், பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து ஒதுங்கிக்கொள்வது பத்திரிகைக்காரனுக்கு அழகல்ல.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுவோம். 22 என்பது சன்னத்தின் விட்டம், அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர். இந்த ரவையின் தீமருந்து கோதின் அடிநடுவில் இல்லை. அடிவிளிம்பின் மடிப்புக்குள் பூசப்பட்டிருக்கிறது. அடிக்கும் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பற்றுகிறது. 1857 இல் சிமித் அன்ட் வெசன் நிறுவனம் இதன் குட்டை வடிவத்தை விற்றது. இன்று உலகெங்கும் சுடப்படும் நீள வடிவம் 1887 இல் வந்தது. விலை மலிவு, ஓசை குறைவு, பின்னுதைப்பு மிகச் சிறிது. விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் புதியவரிடம் ஒட்டிக்கொள்வதற்கு முன்னரே கையைப் பழக்க இதைவிடச் சிறந்த ஆசிரியன் இல்லை. ஒலிம்பிக்கின் 25 மீற்றர் போட்டிகள் இரண்டும் இந்த ரவையால்தான் நடக்கின்றன. ஆகவே விளையாட்டுக்கு 22 ஐத் தேர்ந்தெடுப்பவர் தவறிழைக்கவில்லை.

தவறு அடுத்த படியில் தொடங்குகிறது. கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் 22 கைத்துப்பாக்கிகள் இரண்டு குலத்தவையாகக் கிடக்கின்றன. ஒன்று, இலக்குக்கென்றே பிறந்த குலம். 1949 இல் வில்லியம் றூகர், ஜப்பானிய நம்பு கைத்துப்பாக்கியின் உள்ளமைப்பிலிருந்து பாடம் கற்று, 37 டொலர் 50 சதத்துக்கு விற்ற துப்பாக்கியின் வழிவந்த றூகர் மார்க் வரிசை, 1957 இல் வந்த சிமித் அன்ட் வெசன் 41, 1985 இல் வந்த பிரவுணிங் பக் மார்க் ஆகியன இக்குலத்தவை. நீண்ட குழல் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். குறிகாட்டியை மேலும் கீழும் இடமும் வலமும் திருகிச் சரிசெய்யலாம். பார்வைக்கு அவலட்சணம், இடுப்பில் செருகினால் குத்தும். அவற்றின் சிறப்பே அதுதான்.

மற்றது வேடம் தரித்த குலம். பொலிசாரும் படையினரும் ஏந்தும் பெரிய கைத்துப்பாக்கிகளின் உருவத்தைச் சிறுப்பித்து, உள்ளே 22 ரவையை வைத்து விற்பது. வோல்தர் பி22, அதே நிறுவனத்தின் பி99 இன் சாயல். சிக் சோவர் மொஸ்கிற்றோ, பி226 இன் சாயல். குழல் குட்டை, பிடி குட்டை. 25 மீற்றரில் நிற்கும் காகித வட்டத்துக்கு இந்த உருவத்தால் எந்தப் பயனும் இல்லை. பயன் வாங்குபவரின் மனதுக்கு மட்டுமே. அவருக்கு விற்கப்படுவது விளையாட்டுக் கருவி அல்ல. ஆயுதம் ஏந்தியவன் என்ற நினைப்பு.

இந்த நினைப்பை விற்பவர்கள் கூடவே ஒரு நியாயத்தையும் கட்டிக்கொடுக்கிறார்கள்: ‘பகலில் விளையாட்டு, இரவில் வீட்டுக் காவல், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.’ இரண்டும் விழாது. விளிம்பில் தீமருந்து பூசிய ரவை, நடுவில் தீமருந்து வைத்த ரவையைவிட அடிக்கடி வெடிக்காமல் போகும். துருத்திய விளிம்பினால் ரவைக்கூட்டில் சிக்குவதும் உண்டு. உயிர் காக்க என்று வாங்கும் பொருளின் இலட்சணம் இதுவா? மறுபுறம், காவலுக்கென எப்போதும் ரவை ஏற்றி மேசை இழுப்பறையில் கிடக்கும் துப்பாக்கியை முதலில் கண்டெடுப்பவன் திருடனாக இருப்பதைவிட வீட்டுப் பிள்ளையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். விளையாட்டுத் துப்பாக்கியின் இயல்பான நிலை, ரவையின்றிப் பூட்டிய பெட்டிக்குள் இருப்பது. காவல் துப்பாக்கியின் நிலை அதற்கு நேர்மாறானது. இரண்டு நிலைகளையும் ஒரு பொருளில் சேர்க்க முயல்பவர் இரண்டின் ஆபத்துகளையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

இனி அந்த ‘வெறும்’ என்ற சொல்லுக்கு வருவோம். 1968 ஜூன் 5 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அம்பாசடர் ஹோட்டலில் றொபேர்ட் கென்னடியைச் சாய்த்தது 22 சுழல் துப்பாக்கி. 1981 மார்ச் 30 ஆம் திகதி ஜனாதிபதி றேகனின் நெஞ்சில் சன்னத்தைச் செலுத்தியதும், அவருடைய ஊடகச் செயலாளர் ஜேம்ஸ் பிறேடியை ஆயுள் முழுவதும் ஊனமாக்கியதும் 22 சுழல் துப்பாக்கியே. இவை அரைத் தன்னியக்கமல்ல என்று திருத்த வருவோர் சற்றுப் பொறுக்கவும். 2007 ஏப்ரல் 16 ஆம் திகதி வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்ற மாணவன் ஏந்திய இரண்டு கைத்துப்பாக்கிகளில் ஒன்று வோல்தர் பி22.

அமெரிக்கா என்றால் அப்படித்தான் என்று தோளைக் குலுக்குவோருக்காகப் பின்லாந்தைக் காட்டுகிறேன். வேட்டையும் இலக்குச் சுடுதலும் வாழ்வோடு கலந்த, ஒழுங்கான நாடு அது. 2007 இல் 18 வயது மாணவன் ஒருவன் 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கிக்கு அனுமதி கேட்டான். மறுக்கப்பட்டது, இலக்குச் சுட 22 போதும் என்று கருதப்பட்டது. அவன் மொஸ்கிற்றோ ஒன்றை வாங்கினான். நவம்பர் 7 ஆம் திகதி யொகேலாப் பாடசாலையில் எட்டுப் பேரைக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டான். ‘வெறும் 22 தானே’ என்ற எண்ணம் அரச முடிவாக மாறினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா?

ஓராண்டுகூட முழுதாகக் கழியவில்லை. 2008 செப்டெம்பர் 23 ஆம் திகதி கவுஹயொகி நகரில் இன்னொரு மாணவன் பத்துப் பேரைக் கொன்றான். அவன் கையில் இருந்தது வோல்தர் பி22. முதல் நாள்தான், அவன் இணையத்தில் இட்ட காணொளிகள் தொடர்பாகப் பொலிசார் அவனை விசாரித்திருந்தார்கள். துப்பாக்கியை அவனிடமே விட்டுவிட்டார்கள். முன்னெச்சரிக்கையாக அதைக் கைப்பற்றியிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2020 செப்டெம்பர் 17 ஆம் திகதி தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்!

உருவம்தான் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. நீண்ட குழல் கொண்ட றூகரும் வகுப்பறைத் தூரத்தில் கொல்லும். ரவைப் பெட்டிகள் பலவற்றின் மேலேயே, இச்சன்னம் ஒன்றேகால், ஒன்றரை மைல் வரை ஆபத்து விளைவிக்கும் என்று தயாரித்தவர்கள் அச்சிட்டிருக்கிறார்கள். பெட்டிக்குத் தெரிந்த உண்மை கடைக்காரரின் வாய்க்குத் தெரியவில்லை. அவ்வளவே.

அப்படியானால் அடியோடு தடை செய்துவிடலாமே என்று கேட்கலாம். பிரித்தானியா செய்து பார்த்தது. 1996 மார்ச் 13 ஆம் திகதி டன்பிளேன் பாடசாலையில் 16 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டனர். ஜோன் மேஜரின் அரசு 22 ஐ மட்டும் விட்டுவைத்து மற்றக் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. அடுத்து வந்த ரொனி பிளேயரின் அரசு 1997 இலேயே 22 ஐயும் சேர்த்துக்கொண்டது. பிறகு 2002 மன்செஸ்ரர் பொதுநலவாய விளையாட்டுக்கும் 2012 இலண்டன் ஒலிம்பிக்குக்கும் விசேட அனுமதி கொடுக்கவேண்டி வந்தது. அந்த இலண்டனில்தான் இந்தியாவின் விஜய் குமார் 25 மீற்றர் விரைவுச் சூட்டில் வெள்ளி வென்றார். தன் வீரர் தன் மண்ணில் பயில முடியாத விளையாட்டை உலகத்தவருக்காக நடத்திய அந்த நிலை எனக்கு உவப்பானதல்ல. ஆனால், பிள்ளைகளைப் புதைத்த ஊரைப் பார்த்து, எங்கள் பொழுதுபோக்குப் போய்விட்டதே என்று அழுதவர்களின் அழுகையும் எனக்கு உவப்பானதல்ல.

பின்லாந்து தேர்ந்த வழி வேறு. 2011 இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கைத்துப்பாக்கிக்கு 20 வயதையும், இரண்டாண்டுகள் தொடர்ந்து பயின்றதற்கான சான்றையும் கேட்டது. அதாவது, முதலில் விளையாட்டு வீரனாகு. பிறகு துப்பாக்கியைச் சொந்தமாக்கு. இந்த ஒழுங்குமுறையைத்தான் நான் ஆதரிக்கிறேன். ‘எங்கள் உரிமை’ என்று கூச்சலிடுவோர் கனடாவைப் பார்க்கட்டும். 2022 ஒக்டோபர் 21 ஆம் திகதி அங்கே தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் முடக்கப்பட்டன. விதிவிலக்குப் பெற்ற மிகச் சிலருள் ஒலிம்பிக் பிரிவுகளில் பயில்வோரும் அடங்குவர். விளையாட்டுக்கும் வேடத்துக்கும் நடுவே கோடு கிழிக்கச் சுடுவோர் மறுத்தார்கள். சட்டம் வந்து கிழித்தது. இலக்குச் சுடுதலுக்கு முதல் எதிரி தடை கேட்கும் தாய்மார் அல்லர். விளையாட்டின் பெயரில் ஆயுத மோகத்தை விற்கும் வியாபாரியே.

இனி அந்த வாசகருக்கான பதில். முதலில் கழகமொன்றில் சேருங்கள். கழகத்தின் துப்பாக்கியில் ஆயிரம் ரவைகளாவது சுடுங்கள். அதற்கும் முன் 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கியில் ஓர் ஆண்டு நிற்பது இன்னும் நல்லது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு இரண்டு வெண்கலங்களை ஈட்டித் தந்தது அந்தக் காற்றுத் துப்பாக்கிதான். 25 மீற்றரில் அவர் நான்காவதாக வந்தார். அதன்பிறகும் ஆசை தணியாவிட்டால் முதற் குலத்தில் ஒன்றை வாங்குங்கள். பிடி உங்கள் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா, விசை இழுபடாமல் கண்ணாடித் துண்டு முறிவதுபோல் விடுபடுகிறதா, குறிகாட்டி திருகக்கூடியதா என்று பாருங்கள். போட்டி விதி விசைக்குக் குறைந்தது 1000 கிராம் இழுவையைக் கேட்கிறது. அதற்கும் இலேசான விசையைப் புதியவர் நாடவேண்டாம். ஒரே இன ரவையை வாங்குங்கள். ஒலியின் வேகத்துக்குள் செல்லும் சாதாரண வேக ரவையே இலக்குக்கு ஏற்றது. துப்பாக்கிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைப் பூட்டுப் பெட்டிக்கு ஒதுக்குங்கள். அந்தப் பெட்டி இல்லாத வீட்டுக்கு எந்த 22 உம் ஏற்றதல்ல.

இதைச் சொல்ல உமக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்பர். நான் சுடுகலை வல்லுநன் அல்லன். ஆனால், கைத்துப்பாக்கியின் ஓசையை அடுத்து யார் வீட்டு ஒப்பாரி எழும் என்று காதைத் தீட்டிக் காத்திருந்த நாட்டில் முப்பது ஆண்டுகள் செய்தி எழுதியவன். சன்னத்தின் விட்டத்தை அளந்து எங்கள் ஊரில் எவரும் அழுததில்லை. துவக்கிலிருந்து தப்பி வந்த நம்மவர், புகலிட நாட்டில் அதைக் கையில் எடுக்க விரும்பினால் எடுக்கட்டும். அதைத் தடுக்க நான் யார்? அதைத் துவக்கு என்று அறிந்தே எடுக்கட்டும். ‘வெறும்’ என்ற சொல்லைக் கடையிலேயே விட்டுவிட்டு வரட்டும்.