மஞ்சள் இல்லாதபோதும் ஸ்கேன் எதற்கு?

“கண்ணில் மஞ்சள் இல்லை, பசியும் நன்றாக எடுக்கிறது. பிறகு எதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்?” ஐயப்பன்தாங்கலிலிருந்து வரும் ஹெபடைட்டிஸ் பி நோயாளிகள் பலர் எங்களிடம் கேட்பது இது. கேள்வி நியாயமானதே.

கல்லீரல் செல் ஒவ்வொன்றிலும் எல்லா மரபணுக்களும் உள்ளன. தேவையானவை மட்டும் இயங்க, மற்றவை உறங்குகின்றன. கருவிலிருந்தபோது ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற புரதத்தைக் கல்லீரல் ஏராளமாகச் சுரந்தது. பிறந்தபின் அம்மரபணு ஏறக்குறைய அடங்கிவிடும். புற்றுநோய் தோன்றும்போது பலரிடம் அது மீண்டும் விழிக்கிறது. உங்கள் பரிசோதனைச் சீட்டில் ‘ஏ.எஃப்.பி.’ என்றிருப்பது அதுவே. எல்லோரிடமும் விழிப்பதில்லை என்பதால்தான் ஸ்கேனும் வேண்டியிருக்கிறது.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தன் டி.என்.ஏ. துண்டுகளை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடவும் வல்லது. அத்துண்டு, உறங்கவேண்டிய டெலோமரேஸ் மரபணுவின் அருகே அமைந்தால் அதனை எழுப்பிவிடக்கூடும். செல் ஓய்வின்றிப் பெருகத் தொடங்கும். ஆகவே சிரோசிஸ் இல்லாதவர்க்கும் புற்று வரலாம். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இவ்வாறு செருகுவதில்லை, மாத்திரையில் குணமாகிறது. ஆயினும் சிரோசிஸ் வந்துவிட்டவர்க்குக் கண்காணிப்பு தொடரவேண்டும்.

கீழாநெல்லி பற்றியும் கேட்கிறார்கள். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் உள்ளிட்டோர் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், அதனை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. நம் ஊர் ஆய்வு என்ற பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை. அதை நம்பி டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவதை நாங்கள் ஏற்க இயலாது. திடீரென நிறுத்தினால் வைரஸ் பொங்கியெழுந்து கல்லீரல் செயலிழக்கவும் நேரும்.

பிழை நோயாளிகளுடையது மட்டுமன்று. “வெறும் கேரியர்தான், கவலை வேண்டாம்” என்று சொல்லி அனுப்பிய எங்கள் துறைக்கும் அதில் பங்குண்டு. அச்சொல்லையே கைவிடவேண்டும் என்பது எங்கள் கருத்து.

சிரோசிஸ் உள்ளவர்கள், 40 வயதைக் கடந்த ஆண்கள், 50-ஐக் கடந்த பெண்கள், குடும்பத்தில் கல்லீரல் புற்று கண்டவர்கள் ஆகியோர் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். செலவுதான் தடையெனில், 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. எங்களிடம் கூறினால் அங்கே அனுப்பிவைக்கிறோம். அடுத்த முறை வரும்போது வாழ்க்கைத்துணையையும் பிள்ளைகளையும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.