பாணனும் பகடையும்

பேய்ப்படத்தில் அரசியலைத் தேடுவது வீண்வேலை என்பர் நம் நண்பர் பலர். 2024இல் ராகுல் சதாசிவன் இயக்கி, கறுப்பு வெள்ளையில் வெளிவந்த 'பிரமயுகம்' என்னும் மலையாளப் படத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

கதை 17ஆம் நூற்றாண்டு மலபாரில் நடக்கிறது. அடிமை வாணிகத்துக்குத் தப்பி ஓடிவரும் தேவன் என்னும் பாணன், காட்டு நடுவே பாழடைந்த மனை ஒன்றில் நுழைகிறான். பாடிய பாணனுக்கு மன்னர் பொற்றாமரை சூட்டினர் என்று தமிழ்ப் பாடத்தில் படித்தோம். இந்தப் பாணனோ தாழ்ந்த குலத்தான் என்று தள்ளப்பட்டவன். ஆயினும் மனைக்குரிய கொடுமண் போற்றி (மம்முட்டி) அவன் பாட்டைக் கேட்டு மகிழ்கிறார். குலம் பாராமல் விருந்தாளி என்கிறார். என்ன பெருந்தன்மை! பிறகு பகடை ஆட அழைக்கிறார். கையில் காசில்லாதவன் எதைப் பணயம் வைப்பான்? தன் காலத்தைத்தான் வைக்கிறான், தோற்கிறான். இனி அவனால் வெளியேற முடியாது.

பேய்க்கதை சமூகக் கதையாவது இங்கேதான். ஏழையின் ஒரே சொத்து அவன் காலம். அதை அடித்துப் பறிப்பது ஒரு வகை. 'நீயாகத்தானே ஒப்புக்கொண்டாய்' என்று பறிப்பது மற்றொரு வகை. முன்பணம் வாங்கிய நாள்முதல் பண்ணையை விட்டு நகர முடியாமற்போன என் தாத்தா பகடையைத் தொட்டவரல்லர். ஆனால் ஆட்டம் அதேதான்.

போற்றியின் உருவில் இருப்பது ஒரு குட்டிச்சாத்தான். முன்பு அந்த மனையின் மூதாதை ஒருவரிடம் அடிமையாய் வதைபட்டது, விடுபட்டபின் தானே வதைக்கத் தொடங்கிவிட்டது. அதன் மோதிரத்துக்காகத் தேவனும், போற்றிக்குப் பணிப்பெண்ணிடம் பிறந்த சமையற்காரனும் மோதுகிறார்கள். கடைசியில் சாத்தான் தேவனின் உருவத்தையே எடுத்துக்கொள்கிறது. அதிகாரம் எவரையும் கெடுக்கும் என்பதே படத்தின் நீதி என்று பாராட்டுவோர் உண்டு.

அந்த நீதியை நான் முழுதும் ஏற்கவில்லை. மேலிருந்தோர் தலைமுறை தலைமுறையாக ஆண்டபோது எழாத இத்தத்துவம், கீழிருந்தவன் கை நீட்டும்போது மட்டும் எழுவதேன்? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நாளை எனக்கோர் அலுவலக நாற்காலி கிடைத்தால் நானும் சாத்தானாவேன் என்று இன்றே தீர்ப்பெழுதலாமா? அந்த மனையில் சட்டமில்லை, சாட்சியில்லை, கேள்வி கேட்பாரில்லை. குறை அங்கேதான் இருக்கிறது; மோதிரம் அணிபவனின் பிறப்பில் அன்று.

இன்னொரு குறையும் உண்டு. சொல்லத்தக்க பெண் பாத்திரம் ஒன்றே. அவளும் மயக்கிக் கொல்லும் யட்சி! அடிமைத்தனத்தை இவ்வளவு எண்ணிய படம் பெண்ணின் அடிமைத்தனத்தை எண்ணாதது ஏன்?

எனினும், நண்பர்களே, படத்தைப் பாருங்கள், அஞ்சுங்கள். விளக்கு எரிந்தபின், நம் ஊரில் இன்றும் பகடை உருட்டுவோர் யார், தம் காலத்தை இழப்போர் யார் என்று எண்ணிப் பாருங்கள். மோதிரத்துக்காகச் சண்டையிடுவதைவிட ஆட்டத்தின் விதியை மாற்றுவதே கற்றவர் கடமை.