புண்ணைப் படம் பிடிக்க வேண்டியது யார்?

லோதி ரோட்டை ஒட்டிய அரசுக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்யும் நம் சகோதரி ஒருவருக்குச் சிசேரியன் நடந்தது. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். "அலைய வேண்டாம், தையலைப் போனில் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பு" என்றார்கள். கணவர் லோடு ஏற்றப் போய்விட்டார். படமெடுக்க வீட்டில் இருந்தது ஒன்பது வயது மகள்தான். ஜன்னலில்லாத அறை, மஞ்சள் பல்பு, கண்ணாடி கீறிய போன். மூன்று படங்கள் போயின. "டீக் ஹை" என்று பதில் வந்தது. அடுத்த இரண்டாம் நாள் தையல் பிரிந்து சீழ் கொட்டியது.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. பதில் போட்ட இளம் டாக்டர் மீதும் நமக்குக் கோபமில்லை. அவருக்குக் கிடைத்தது மங்கலான நிழல். அதைப் பார்த்து அவர் என்ன சொல்ல முடியும்?

நாம் போனுக்கு எதிரிகள் அல்ல. எய்ம்ஸும் சப்தர்ஜங்கும் லோதி ரோட்டுக்குக் கூப்பிடு தூரந்தான். ஆனால் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டு, நாற்பது கிலோமீட்டர் அப்பால் நரேலாவுக்குத் துரத்தப்பட்ட குடும்பங்களைக் கேளுங்கள். பச்சைப் புண்ணோடு பஸ் ஏறுவது என்ன பாடென்று சொல்வார்கள். எடின்பரோவில் அவசர வயிற்று அறுவை செய்துகொண்ட 492 பேரிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. போனில் படம் அனுப்பியவர்களுக்கு முதல் வாரத்திலேயே தொற்று கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ நாலு மடங்காக இருந்ததாம். நல்ல செய்திதான். ஆனால் அங்கே படத்தோடு வலி உண்டா, காய்ச்சல் உண்டா என்ற கேள்விகளும் போயின. அறுவைக் குழுவினர் உட்கார்ந்து பார்த்தார்கள். நமக்கு வந்ததோ இரண்டு இந்திச் சொல்!

படத்தில் சூடு தெரியாது. நாற்றம் தெரியாது. தொட்டால் துடிக்கும் வலி தெரியாது. வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு நம் கறுத்த தோலில் எளிதில் புலப்படாது. இதையெல்லாம் பார்க்கத்தானே டிரஸ்ஸிங் அறை இருக்கிறது?

சட்டமாவது துணை நிற்கிறதா? 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளில், டாக்டர் தரப்பு தொடங்கும் ஆலோசனைக்கு நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்றிருக்கிறது. படங்களையும் பதிவுகளையும் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தத் தாயிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? அவள் அடிவயிற்றுப் படம் இன்று யார் போனில் கிடக்கிறது?

ருவாண்டாவைப் பாருங்கள். நம்மைவிட ஏழை நாடு. அங்கே கிரேஹே மாவட்டத்தில் சிசேரியன் ஆன தாய்மாரின் வீட்டுக்குச் சமூக நலப் பணியாளர்களே போனை எடுத்துக்கொண்டு போய்ப் புண்ணைப் படம் பிடித்தார்கள். பயிற்சி பெற்ற கை, பெண்ணுக்குத் தெரிந்த மொழி. இதைச் செய்ய இங்கே ஆளில்லையா? பிறந்த குழந்தையைப் பார்க்க 42 நாளுக்குள் ஆஷா பலமுறை வீட்டுக்கு வரவேண்டும் என்று அரசே வகுத்திருக்கிறது. குழந்தையைத் தூக்கி எடை போடுகிறவர், பக்கத்தில் படுத்திருக்கும் தாயின் தையலைப் பார்க்கக் கூடாதா? அவருக்கு நல்ல போனும், புண் பார்க்கும் பயிற்சியும், ஊக்கத்தொகை என்ற பிச்சைக்குப் பதில் ஒழுங்கான சம்பளமும் கொடுங்கள். செலவாகும் என்பார்கள். இப்போதும் செலவாகிறது, எங்கள் மடியிலிருந்து ஆகிறது, அவ்வளவுதான்.

படத்தைப் பார்க்கும் டாக்டரின் பெயர் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் வரிசையில்லாமல் அன்றே உள்ளே விடவேண்டும். தமிழில் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். சங்கம் இதை எழுதிக் கொடுக்கப்போகிறது. அறுவை நடந்த வீட்டார் சீட்டுகளோடு வந்து கையெழுத்திடுங்கள்.

அதுவரை, தாய்மாரே, சீழோ காய்ச்சலோ கண்டால், தையல் விட்டால், வலி ஏறிக்கொண்டே போனால் போன் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் காஷுவாலிட்டிக்குப் போங்கள்; துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் கதவைத் தட்டுங்கள்.