‘வாயைக் கட்டலை’ என்கிற வசை

உடம்பை இளைக்க முயலும் ஒருவருக்கு முதல் இரண்டு மாதம் ஊரே துணை நிற்கும். “ஆளே மாறிட்டீங்களே!” என்று மளிகைக் கடைக்காரர் முதல் சம்பந்தி வரை சொல்வார்கள். நான்காவது மாதமோ ஆறாவது மாதமோ எடை ஓரிடத்தில் நின்றுவிடும். அன்றைக்குத் தொடங்கும் விசாரணை. “வாயைக் கட்டலை, அதான்.” “மனசு வெச்சா குறையாமப் போகுமா?” “எல்லாம் ஆரம்ப சூரத்தனம்.” எடை நின்றால் அவருடைய மன உறுதி நின்றுவிட்டது என்பது ஒரு நம்பிக்கை. எடை குறையாவிட்டால் நடந்த நடையும் குறைத்த சோறும் வீண் என்பது இன்னொன்று. இரண்டும் பொய். நன்றாகப் போய்க்கொண்டிருந்தவரை நடுவழியில் உட்கார வைத்து, சர்க்கரை நோயின் கையில் பிடித்துக் கொடுக்கிற பொய்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றிக் காலையில் நடப்பவர்களைப் பாருங்கள். புடவையைத் தூக்கிச் செருகி, காலில் மகன் வாங்கிக் கொடுத்த ஷூவோடு வேகமாகப் போகும் அம்மாக்கள். தோளில் துண்டோடு ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். கரையில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, கொள்ளு சூப். திரும்பும் வழியில் மருந்துக் கடையில் எடை பார்க்கிறார் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். செருப்பைக் கழற்றுகிறார், பையை மகளிடம் கொடுக்கிறார், கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்கிறார். போன வாரம் 71.4, இன்றும் 71.4. “அப்படியேதான் இருக்குக்கா” என்கிறார் கடைப் பையன். மகள் சும்மா இருக்கவில்லை: “நேத்து அந்த மைசூர் பாக்கு சாப்பிட்டியேம்மா!” அந்த அம்மாவின் முகம் விழுந்துவிடுகிறது. இப்படி முகம் விழுந்தவர்கள் பலர் மறு மாதம் குளக்கரைப் பக்கம் வருவதில்லை. அவர்களை வீட்டுக்கு அனுப்பியது ஒரு துண்டு மைசூர் பாக்கு அல்ல.

முதலில் அந்த ஆரம்ப வேகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முதல் சில வாரங்களில் சரசரவென்று இறங்கும் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, தன்னைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோறு குறைந்ததும் அது செலவாகிறது. கூடவே தண்ணீரும் போய்விடுகிறது. கல்யாண வீட்டில் ஊறுகாயும் அப்பளமும் வத்தக்குழம்புமாக ஒரு பந்தியில் உட்கார்ந்து எழுந்தால், அந்த உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து மறுநாள் காலை மெஷினில் அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறி நிற்கும். அது ஒரே இரவில் வந்த கொழுப்பு அல்ல. ஆனால் வசை மட்டும் உடனே வந்துவிடும்.

பிறகுதான் உண்மையான தேக்கம். நம் ஊர் ஜிம்களிலும் கிளினிக்குகளிலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது: தினம் 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோ குறையும், அப்படியே வருஷம் முழுக்க. இதற்கு மூல ஆதாரம், மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1958-இல் எழுதியது. ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்றார் அவர். உடம்பு அசையாத பொருளாக இருந்தால் இந்தக் கணக்கு சரி. ஆனால் 80 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றி வருவதற்கும் 72 கிலோ உடம்போடு சுற்றி வருவதற்கும் ஆகும் செலவு ஒன்றல்ல. இளைத்தவருக்கு அதே நடை மலிவாகிவிடுகிறது. அதோடு முடியவில்லை. எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களின் ஆற்றல் செலவு, அந்தப் புதிய எடைக்கு நியாயமாக இருக்க வேண்டிய அளவைவிடவும் கீழே போயிருந்ததை நியூயார்க்கில் ரூடால்ஃப் லீபல் குழுவினர் 1995-இல் அளந்து காட்டினார்கள். அதற்கும் அரை நூற்றாண்டு முன்பு, 1944-45-இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அளந்து அளந்து அரைவயிற்றுச் சாப்பாடு போட்டார். அவர்கள் எடையில் கால் பங்கு போயிற்று. உடம்பு சும்மா கிடக்கும்போதே செலவழிக்கும் ஆற்றல் ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்தது. நாடித்துடிப்பு மந்தமானது, எப்போதும் குளிர்ந்தது, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போயிற்று. வலிய முன்வந்த, திடமான ஆட்கள் அவர்கள். மன உறுதிக்குக் குறைவில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. மேட்டூரில் 120 அடி நிறைந்திருந்தால் ஜூன் 12-இல் மதகு திறந்து குறுவைக்குத் தாராளமாகத் தண்ணீர் வரும். நீர்மட்டம் இறங்கிவிட்டால் முறைப்பாசனம்தான். இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவார்கள். உடம்பும் வரத்து குறைந்ததும் முறை வைக்கிறது. அணையில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கிறது.

செலவைக் குறைப்பது ஒரு பக்கம். பசியை ஏற்றுவது மறுபக்கம். இதற்கு நான் அறிந்த வலுவான சான்று ஒரு மருந்திலிருந்து வருகிறது. சர்க்கரை நோய்க்குத் தரும் கனாகிளிஃப்ளோசின், ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 360 கலோரி, சாப்பிடுபவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. டயட் கிடையாது, அறிவுரை கிடையாது, மன உறுதிக்கு இதில் வேலையே கிடையாது. ஆனாலும் ஆய்வில் இதை எடுத்துக்கொண்டவர்களுக்குச் சில கிலோ குறைந்ததும் எடை நின்றுவிட்டது. அந்தத் தரவுகளை வைத்துக் கெவின் ஹால் குழுவினர் 2016-இல் கணக்கிட்டார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கலோரி அளவுக்குப் பசி கூடியிருந்தது. எட்டுக் கிலோ குறைத்த மனிதர் தினமும் 800 கலோரிப் பசியோடு மல்லுக்கட்டுகிறார் என்று இதற்குப் பொருள். அவரைப் பார்த்துத்தான் நாம் “வாயைக் கட்டலை” என்கிறோம். ஒரு வருஷம் பொறுத்தால் இந்தப் பசி அடங்கிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மெல்போர்னில் எடை குறைத்த 50 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவில், ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை.

எதிர்க்கட்சியிடமும் ஒரு சான்று இருக்கிறது. அதை மறைத்து வாதாடக் கூடாது. “என்ன செய்தாலும் எடை குறையவில்லை” என்று சொன்ன சிலரை நியூயார்க்கில் ஸ்டீவன் லிக்ட்மன் குழுவினர் ஆராய்ந்து 1992-இல் எழுதினார்கள். தாங்கள் சாப்பிட்டதில் பாதியளவையே அவர்கள் கணக்கில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் வசை சரிதானே? இல்லை. கூடிய பசி மெல்ல மெல்லக் கரண்டியில் ஏறுகிறது. ஏறுவது நமக்கே தெரிவதில்லை. அது கணக்குப் பிழை. குணக்கேடு அல்ல. அதிலும் நம் வீட்டுச் சாப்பாட்டை யார் அளந்தார்கள்? குழம்புக்கு ஒரு கை, ரசத்துக்கு ஒரு கை, மோருக்கு ஒரு கை என்று மூன்று முறை சோறு விழும் இலை நம்முடையது. சமைப்பவர் உப்புப் பார்க்கிறார், குழந்தை வைத்த மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் போட்டுக்கொள்கிறார், எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சோற்றோடு மூன்று மணிக்கு உட்காருகிறார். சர்க்கரை போட்ட டிகிரி காபி எத்தனை என்று கேட்டால் “ரெண்டே ரெண்டு” என்பார்; விருந்தாளியோடு குடித்தது கணக்கில் வராது. இதற்கு வேண்டியது ஒரு வாரம் சோற்றை உழக்கில் அளந்து போட்டுப் பார்ப்பது. தைராய்டு இருக்கிறதா, சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா, இன்சுலினோ ஸ்டீராய்டோ எடையைக் கூட்டுகிறதா என்று மருத்துவரிடம் கேட்பது. திட்டுவதால் ஒரு பருக்கை குறையப்போவதில்லை.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொல்லிக்கொண்டு குளக்கரையில் சூப் குடிப்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. கொள்ளு நல்ல பயறு. புரதம் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, வயிறு நிறையும். ஆனால் சூப் குடித்தும் குறையவில்லை என்றால் அதற்கும் குடித்தவரையே குற்றவாளியாக்குகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

இப்போது இரண்டாவது பொய்க்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கொடுமை. எடை குறையாவிட்டால் எல்லாம் வீண் என்பதை உடைக்கும் சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைப் பிரிவு பிரிவாக வைத்து மூன்று ஆண்டுக் காலம் கவனித்தார்கள். வழக்கமான பொது ஆலோசனையோடு விட்ட பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினம் அரை மணி நேரமாவது நடந்து, சர்க்கரையும் கொழுப்பும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டிய பிரிவில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. இவர்கள் எத்தனை கிலோ இளைத்தார்கள் என்று கேட்பீர்கள். குறிப்பிடும்படியாக எடை குறையவே இல்லை. மெஷின் முள் நகராமலேயே இத்தனை பேர் மாத்திரையிலிருந்து தப்பினார்கள். நடந்த தசை சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கிறது. அதற்கு எடை குறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எடை குறைவதால் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் சராசரியாக ஐந்தாறு கிலோ குறைத்தவர்களுக்கு நோய் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. இளைக்க முடிந்தால் நல்லதுதான். முடியாத மாதங்களிலும் நன்மை நடந்துகொண்டே இருக்கிறது என்பதை மறைப்பதுதான் குற்றம்.

கிலோவுக்கு இத்தனை மரியாதை கொடுப்பது இந்திய உடம்புக்குப் பொருந்தவும் இல்லை. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்று: 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். நமக்கு எமன் தொப்பையில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பிடிக்கத் தையல்காரர் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்குமேல் போனால் எச்சரிக்கை. எடை நின்ற மாதங்களில் நாடா இறங்கிக்கொண்டிருப்பது அபூர்வம் அல்ல. கூடவே உட்கார்ந்து எழும் பயிற்சியோ எடை தூக்கும் பயிற்சியோ செய்து, பயறும் சுண்டலும் முட்டையும் மீனும் சேர்த்துக்கொண்டால், எடையோடு சேர்ந்து கரையப் பார்க்கும் தசையையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

“மோட்டிவேஷன் போயிடுச்சு” என்று வருபவர்களுக்கு வீடியோ அனுப்பாதீர்கள். தினம் தோற்றுப்போனதாகச் சொல்லப்படும் ஒருவருக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? தோற்கவில்லை என்ற தகவலைக் கொடுங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறதா, ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறதா, சாரங்கபாணி கோவிலைச் சுற்றி வரும்போது மூச்சு வாங்குவது நின்றதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். கேட்க வேண்டியவர்களில் முதலில் வருகிறவர்கள் வீட்டிலிருக்கும் கணவரும் பிள்ளைகளும். “எத்தனை கிலோ?” என்பதை அவர்கள் விட்டுவிட்டு, அம்மா நடந்து வருவதற்குள் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றி வைக்கலாம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காட்டினார்கள். இரண்டும் நல்ல காரியங்கள். வீட்டுக்கு வரும் அந்தச் சகோதரியின் பையில் ஒரு இடுப்பளவு நாடாவும் இருக்கட்டும். எடை நின்றுவிட்ட ஒருவருக்குச் சென்னை ஆய்வு என்ன காட்டியது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல அவருக்குப் பயிற்சி கொடுங்கள்.