இரண்டாம் தலைமுறையைக் காட்டுங்கள்

பெருவிடைச் சேவலை ரோட் ஐலண்ட் ரெட் பெட்டைகளோடு சேர்த்து விட்டால் குஞ்சு வரும். அந்தக் குஞ்சு தெம்பாக வளரும், சாவும் குறையும். இதற்கு ஆராய்ச்சி நிலையம் வேண்டியதில்லை. ஒரு கொட்டகையும் ஓர் இன்குபேட்டரும் போதும். ஆனால் மேய்ச்சல் கோழி மேம்பாடு என்ற தலைப்பில் நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தைத் தாண்டுவதே இல்லை. எட்டாவது வார எடை, இருபதாவது வார எடை, முதல் முட்டையிட்ட வயது, பளபளவென்று ஒரு சேவலின் படம், கடைசி வரியில் 'புதிய ரகம் உருவாக்கப்பட்டது' என்ற அறிவிப்பு. முதல் கலப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதை ரகம் என்று எப்படிச் சொல்வது?

கலப்பின வீரியத்தின் கணக்கு நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. இருந்தும் கட்டுரை எழுதும்போது அது மறந்துபோகிறது. இரண்டு இனங்களைக் கலந்த முதல் தலைமுறையில் வீரியம் முழுதாகக் கிடைக்கும். அந்தக் குஞ்சுகளையே தங்களுக்குள் இணைத்தால் அடுத்த தலைமுறையில் அது பாதியாக இறங்கும். மூன்று இனங்களைச் சம பங்கில் கலந்து நிலைநிறுத்தினால் மூன்றில் இரண்டு பங்கும், நான்கு இனங்கள் என்றால் நான்கில் மூன்று பங்கும் தங்கும். அதன் பிறகு உறவுச் சேர்க்கையைத் தடுத்துக்கொண்டால் மேற்கொண்டு சரியாது. ஆக, ஒரு கலப்பின் தரம் தெரிவது இரண்டாம் தலைமுறையில்தான். பண்ணையாளருக்கு இது வேறு விதமாகத் தெரிகிறது. போன வருஷம் ஏறிய எடை இந்த வருஷம் ஏறவில்லை, நிறமும் கொண்டையும் ஆளுக்கொரு விதமாக வருகின்றன. அவர் தீவனக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார். சேவலையும் பெட்டையையும் சொந்தக் குஞ்சிலிருந்தே எடுத்துவைத்தது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இதற்கு உலகம் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, தூய பெற்றோர் வரிசைகளைத் தனித்தனியாகக் காத்து, முதல் கலப்புக் குஞ்சை மட்டும் விவசாயிக்குத் தருவது. வங்கதேசத்தின் சோனாலி அப்படி வந்தது: ரோட் ஐலண்ட் ரெட் சேவல், எகிப்தைச் சேர்ந்த ஃபயூமி பெட்டை. நம் நாட்டில் ஹைதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகத்தின் வனராஜாவும் தனித்தனி ஆண் வரிசை, பெண் வரிசைகளிலிருந்து கிடைப்பதே. இஸத்நகர் மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் அசீலையும் காரி ரெட்டையும் கலந்து நிர்பீக்கையும், கடக்நாத்தையும் காரி ரெட்டையும் கலந்து ஷ்யாமாவையும் தந்தது. இந்த வழியில் விவசாயி ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்துக்குத் திரும்ப வர வேண்டும். அதில் தவறில்லை, ஆனால் அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மற்றது, பல இனங்களைக் கலந்து, தலைமுறை தலைமுறையாகக் கழித்து, தன் குணத்தைத் தானே குஞ்சுக்குக் கடத்தும் இனமாக நிலைநிறுத்துவது. தென்னாப்பிரிக்காவில் 1950-களில் பாட்செஃப்ஸ்ட்ரூம் வேளாண் கல்லூரியில் மரே என்பவர் கறுப்பு ஆஸ்ட்ரலார்ப்பையும் வெள்ளை லெகார்னையும் அடிப்படையாக வைத்து உருவாக்கிய கூகூக் இந்த வகை. கனடாவின் ஷாந்தக்ளேர் இன்னும் பழையது. கியூபெக்கில் ஓகா மடத்தைச் சேர்ந்த துறவி வில்ஃப்ரிட் 1908-இல் தொடங்கினார். கார்னிஷ், வெள்ளை லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், வெள்ளை வயாண்டாட், வெள்ளை பிளிமத் ராக் என்று ஐந்து இனங்களைப் படிப்படியாகச் சேர்த்தார். பத்து வருஷம் கழித்துத்தான் வெளியில் காட்டினார். அவர் எதைத் தேடினார் என்பது முக்கியம்: அந்த ஊர்க் குளிரில் கொண்டையும் தாடியும் உறைந்து கருகாத கோழி. அதனால் அந்தக் கோழியின் கொண்டை தலையோடு ஒட்டிய சிறு மேடாக இருக்கிறது. நமக்கு நேர்மாறு. இங்கே பெரிய கொண்டை உடல் சூட்டை வெளியேற்ற உதவும். இதைக்கூட யோசிக்காமல் 'எந்த இனத்தோடு எதைக் கலக்கலாம்' என்ற கேள்வியோடு தொடங்குபவர்கள்தான் அதிகம். எந்தக் குறைக்காகக் கலக்கிறோம் என்பதை எழுதி ஒட்டிவிட்டுக் கூண்டைத் திறந்தால் நல்லது.

கலப்பின் திசையையும் பலர் பொருட்படுத்துவதில்லை. பெருவிடைப் பெட்டை ஆண்டுக்கு 60 முட்டை இட்டால் அதுவே பெரிது; ரோட் ஐலண்ட் ரெட் பெட்டை 200-ஐத் தொடும். பெருவிடையைத் தாய்ப்பக்கம் வைத்தால் அதே எண்ணிக்கைக் குஞ்சுக்கு மூன்று மடங்குக்கு மேல் பெட்டைகளுக்குத் தீனி போட வேண்டும். குஞ்சின் விலை அங்கேயே ஏறிவிடும். போதாததற்கு, பெட்டைக் குஞ்சுக்கு இசட் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மட்டுமே வருகிறது. சேவலையும் பெட்டையையும் இனம் மாற்றிப் போட்டால் பெட்டைக் குஞ்சுகளின் குணம் ஒன்றுபோல இராது. இரண்டு திசையிலும் செய்து பார்த்த கட்டுரைகள் நம் மேசைக்கு அபூர்வமாகவே வருகின்றன.

வெயிலைத் தாங்க கழுத்தறுத்தான் கோழியை எடுத்துக்கொள்ளும் முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. ஒரு மரபணுதான், பாதி ஓங்கியது, கண்ணால் பார்த்தே பிரிக்கலாம். கழுத்தின் முன்புற அடியில் ஒரு சிறு இறகுக் கொத்து இருந்தால் அந்தக் கோழியிடம் மரபணுவின் ஒரு பிரதி. கழுத்து முழுக்க வழுக்கையாக இருந்தால் இரண்டு பிரதி. ஒரு பிரதி உள்ளதில் மொத்த இறகு சுமார் ஐந்தில் ஒரு பங்கும், இரண்டு உள்ளதில் ஐந்தில் இரண்டு பங்கும் குறையும். இரண்டு பிரதிக் கருக்களில் பொரிப்பு குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்வதால், சந்தைக்கான குஞ்சை ஒரு பிரதியோடு நிறுத்துவதே நல்லது. ஆனால் ஊர்க்காரர்கள் அந்தக் கோழியை வாங்குவார்களா என்பதை வெயில் முடிவு செய்யப்போவதில்லை. கொங்குப் பக்கத்து வாரச் சந்தையில் வியாபாரி கோழியைத் தூக்கி நெஞ்சு இறகை ஊதி விலக்கித் தோலைப் பார்ப்பார், கால் செதிலை விரலால் தேய்ப்பார், நெஞ்செலும்பை அமுக்குவார். கால் தடித்து, நெஞ்சு பருத்திருந்தால் 'கிராஸ்' என்று ஒதுக்கி விலையை இறக்கிவிடுவார். எடையைக் கூட்டும் ஒவ்வொரு கலப்பும் இந்தச் சோதனையில் தோற்கும் அபாயம் உண்டு.

இனி அடை. நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டை இட்டதும் அவயத்துக்கு உட்காரும். 21 நாள் அடை, பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சோடு திரியும். வருஷத்துக்கு மூன்று நான்கு ஈத்து, அவ்வளவுதான். முட்டை எண்ணிக்கையை ஏற்ற வேண்டுமென்றால் அடைக்குணத்தைக் கழிப்பதுதான் சுருக்கு வழி. உலகின் முட்டைக் கோழிகள் அப்படித்தான் வந்தன. ஆனால் அடைக்குணம் போன கோழியால் ஊர்ப்பெண் தன் வீட்டிலேயே குஞ்சு எடுக்க முடியாது. வனராஜா போன்றவற்றுக்கு முதல் ஆறு வாரம் விளக்குச் சூட்டில் தனியாக வளர்த்துக் கொடுக்கும் ஏற்பாடும் வேண்டும். மின்சாரமும் குஞ்சுத் தீவனமும் வாசலுக்கு வரும் ஊரில் இது சரி. மற்ற ஊர்களில் இரண்டாம் வருஷமே கோழிக்கூடு காலியாகிறது. நாம் தேட வேண்டியது இடைப்பட்ட ஒன்று: அடை உட்காரும், ஆனால் குஞ்சைப் பிரித்தால் சில வாரங்களில் மறுபடி முட்டைக்குத் திரும்பும் கோழி. இதை அளந்து பார்ப்பதும் கடினமில்லை. குஞ்சைப் பிரித்த நாளையும் அடுத்த முட்டை விழுந்த நாளையும் ஒரு நோட்டில் குறித்தால் போதும். அந்த நாள் கணக்கில் கோழிக்குக் கோழி வித்தியாசம் இருக்கும். தேர்வுக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான். ஆனால் 'இத்தனை சதவீதம் பெட்டைகள் அடை உட்கார்ந்தன' என்ற ஒரு வரிகூட இல்லாத கட்டுரைகளே பெரும்பாலும் வருகின்றன.

உறவுச் சேர்க்கைக்கு வருவோம். ஒரு சேவல், பத்து பெட்டை வைத்துக்கொண்டு ரகம் உருவாக்குபவர் ஒரு தலைமுறையிலேயே 13.75 சதவீதம் உறவுச் சேர்க்கையை ஏற்றிக்கொள்கிறார். அண்ணன் தங்கைச் சேர்க்கையில் வருவதில் பாதிக்கும் மேல் அது. ஐந்து சேவல், ஐம்பது பெட்டை என்றால் 2.75 சதவீதம். இருபது சேவல், நூறு பெட்டை என்றால் 0.75. ஒரு சதவீதத்துக்குக் கீழே வைத்தால்தான் நெடுங்காலம் தாங்கும். பெட்டைகளைக் கூட்டுவதால் இங்கே பெரிய லாபமில்லை, சேவல்களைத்தான் கூட்ட வேண்டும். ஆனால் கழிக்கும்போது முதலில் சந்தைக்குப் போவது சேவல்கள்தான், ஏனென்றால் அவற்றுக்கு விலை அதிகம்.

சிறு பண்ணைக்கு ஒரு எளிய ஏற்பாடு இருக்கிறது. கோழிகளை நான்கைந்து கூண்டுகளாகப் பிரியுங்கள். பெட்டைக் குஞ்சு பிறந்த கூண்டிலேயே தங்கட்டும். சேவல் குஞ்சு எப்போதும் அடுத்த எண் கூண்டுக்குப் போகட்டும், கடைசிக் கூண்டின் சேவல் முதல் கூண்டுக்கு வரட்டும். நம் ஊர் மாப்பிள்ளை எடுக்கும் வழக்கம் போலத்தான், இங்கே புகுந்த வீட்டுக்குப் போவது ஆண். ஐந்து பண்ணையாளர்கள் சேர்ந்து ஆளுக்கொரு கூண்டாக இதைச் செய்தால் யாரும் தனியாக நூறு கோழி வளர்க்க வேண்டியதில்லை.

தேர்வு எங்கே நடக்கிறது என்பது இன்னொரு சங்கடம். கூண்டில், கம்பெனித் தீவனத்தில், 24 மணி நேரமும் தண்ணீர் வைத்துத் தேர்ந்தெடுத்த கோழியை 'மேய்ச்சல் ரகம்' என்று அழைக்க முடியாது. எருக்குழியைக் கிளறவும், பருந்து நிழல் பட்டதும் ஓடவும், மாலையில் மரக்கிளைக்கு ஏறவும் தெரிந்த கோழி வேண்டும். உடல் பெருத்த சேவலால் எளிதாகக் கிளைக்கு ஏற முடியாது. கீரிக்கும் நாய்க்கும் அது சுலபமான இரை. பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் எத்தியோப்பியா, நைஜீரியா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில் கூகூக், குரோய்லர், சாஸோ போன்ற ரகங்களைக் கிராமத்து வீடுகளிலேயே விட்டு ஒப்பிட்டது. நாம் பின்பற்ற வேண்டிய முறை அது. எடை மட்டும் பார்த்துக் கழித்தால் வேகமாகப் பலன் தெரியும், ஏனென்றால் எடை பரம்பரையாக நன்றாகவே கடத்தப்படுகிறது. முட்டை அவ்வளவு எளிதில் மசியாது; எடை ஏற ஏற முட்டை குறையும் போக்கும் உண்டு. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடாமல் 'நோய் எதிர்ப்புள்ள ரகம்' என்று ஒப்பிடும் கட்டுரைகளைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றைத் திருப்பி அனுப்புகிறோம்.

கலப்புக்குத் தூய பெருவிடையும் சிறுவிடையும் வேண்டும். கலப்புச் சேவல்கள் 'நாட்டுச் சேவல்' என்ற பெயரில் ஊர் ஊராக விற்கப்படுவதால் தூய மந்தைகள் கண்ணெதிரே கரைகின்றன. ரகம் உருவாக்கும் ஒவ்வொருவரும் மூல இனத்தில் ஒரு சிறு மந்தையைத் தனியே காப்பதையும் தன் திட்டத்தின் செலவாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வரும் இதழிலிருந்து கலப்பினக் கட்டுரைகளில் இரண்டாம் தலைமுறை விவரம் இல்லாவிட்டால் அவற்றை ரகம் என்ற பெயரில் வெளியிட மாட்டோம். முதல் கலப்பு என்றே தலைப்பிடுவோம். எத்தனை சேவல், எத்தனை பெட்டை, வார வாரியாகச் சாவு, அடை உட்கார்ந்த விகிதம், வளர்த்த சூழல் ஆகியவை கட்டாயம். சிறகுப் பட்டைக்குப் பணமில்லை என்பவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒரு நாள் குஞ்சின் இரண்டு கால்களிலும் சேர்த்து விரல் இடைச்சவ்வுகள் நான்கு. சிறு துளைக்கருவியால் எதில் துளையிடுகிறோம், எதை விடுகிறோம் என்பதை வைத்து 16 அடையாளங்கள் கிடைக்கும்; ஐந்து கூண்டுகளுக்கு இது தாராளம். துளை சில குஞ்சுகளில் மூடிக்கொள்ளும், எனவே இரண்டாவது வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அந்தக் குறிகளின் பதிவேட்டு நகலைக் கட்டுரையோடு இணைத்து அனுப்புங்கள். எடை அட்டவணைக்கு முன்பு அதைத்தான் படிப்போம்.